‘லுக் பேக்’, ‘டேக் பேக்’, ‘டேட் பேக்’: எதை எங்கே போடுவது?

பழசை நினைத்துப் பார்ப்பதைச் சொல்ல இங்கிலீஷில் ‘பேக்’ ஒட்டிய வினைகள் ஒரு கூட்டமே இருக்கின்றன. அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்து வைத்தால் எழுத உட்காரும்போது கை நின்றுவிடும், ஏனென்றால் குழப்பம் வருவது அர்த்தத்தில் இல்லை, எழுவாயாக எதைப் போடுவது, ‘பேக்’குக்கு அப்புறம் எந்தச் சின்னச் சொல் வரும் என்பதில்தான். முதலில் எழுவாயைக் கவனியுங்கள். ஆளா, பொருளா?

ஆள் என்றால் பெரும்பாலும் ‘லுக் பேக் ஆன்’. ‘ஐ லுக் பேக் ஆன் தோஸ் இயர்ஸ் வித் பிரைட்’ என்றால் அந்த வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது என்று அர்த்தம். வெறும் ஞாபகம் மட்டும் இல்லை, அதைப் பற்றி இப்போது என்ன தோன்றுகிறது என்பதும் கூடவே வரும், அதனால்தான் ‘வித் பிரைட்’, ‘வித் ரிக்ரெட்’ போல ஒரு வால் அடிக்கடி ஒட்டிக்கொள்கிறது. மூன்று சொல்லையும் பிரித்து நடுவில் ‘இட்’ போன்ற சொல்லை நுழைக்கக் கூடாது: ‘லுக் பேக் ஆன் இட்’ சரி, ‘லுக் இட் பேக் ஆன்’ தப்பு. நாம் அதிகம் கோட்டை விடுவது அந்த ‘ஆன்’ கடைசியில் வரும்போதுதான். ‘இட் வாஸ் எ இயர் டு லுக் பேக் ஆன்’ என்ற வாக்கியம் அந்தரத்தில் நிற்பது போல இருக்கும், ஆனாலும் ‘ஆன்’ வேண்டும்.

வாக்கியத்தை ஆரம்பிக்கும்போது மட்டும் ‘ஆன்’ இல்லாமல் ‘லுக்கிங் பேக்’ என்று போட்டு ஒரு கமா வைத்தால் போதும். ‘லுக்கிங் பேக், ஐ ஷுட் ஹேவ் லிசன்ட்’: இப்போது யோசித்தால், அன்றைக்கே சொன்னதைக் கேட்டிருக்கலாம். ‘லுக்கிங் பேக், இட் வாஸ் எ மிஸ்டேக்’ என்பதில் யோசிக்கிற ஆள் வாக்கியத்தில் எங்கேயும் இல்லையே என்று இலக்கணக் கறார் பேர்வழிகள் முறைப்பார்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதலாம்.

‘நெவர் லுக்ட் பேக்’ என்பதில் உஷாராக இருங்கள். ‘ஷீ ஸ்டார்ட்டட் எ பிசினஸ் அண்ட் நெவர் லுக்ட் பேக்’ என்றால் அவர் பழசை மறந்துவிட்டார் என்று இல்லை, அதற்கப்புறம் ஏறுமுகம்தான் என்று.

ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மனதைக் கொண்டுபோகச் சொல்ல ‘திங்க் பேக் டு’. ‘திங்க் பேக் டு லாஸ்ட் நைட். டிட் யூ லாக் த டோர்?’ ராத்திரி நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், கதவைப் பூட்டினீர்களா? இதில் பெருமையும் வருத்தமும் கிடையாது, விவரம்தான் வேண்டும். இந்த இடத்தில் ‘லுக் பேக் ஆன்’ போட்டால் பூட்டாத கதவுக்காக ஏங்குவது போல ஆகிவிடும்.

இனி, பொருள் எழுவாயாக வருகிற கதை. ‘தட் ஸ்மெல் டேக்ஸ் மீ பேக் டு ஸ்கூல்’: அந்த வாசனை என்னைப் பள்ளிக்கூட நாட்களுக்கே கொண்டுபோகிறது. ‘மீ’ நடுவில்தான் வர வேண்டும், ‘டேக்ஸ் பேக் மீ’ கிடையாது. ‘பிரிங் பேக்’ கொஞ்சம் இளகியது, ‘பிரிங்ஸ் பேக் மெமரீஸ்’, ‘பிரிங்ஸ் மெமரீஸ் பேக்’ இரண்டும் ஓடும், ஆனால் ‘தெம்’ வந்தால் ‘பிரிங்ஸ் தெம் பேக்’ ஒன்றுதான்.

பழமையைச் சொல்ல ‘டேட் பேக் டு’. ‘டீச்சிங் அட் ஆக்ஸ்ஃபோர்ட் டேட்ஸ் பேக் டு 1096’. இன்றும் தொடர்வதைச் சொன்னால் விஷயம் எவ்வளவு பழசானாலும் வினை நிகழ்காலம்தான். ‘இஸ் டேட்டட் பேக்’ என்று எழுதாதீர்கள், ‘டு’ இருக்கிற இடத்தில் ‘சின்ஸ்’ போடாதீர்கள்.

‘ஹார்க் பேக் டு’ கட்டுரை நடைக்கு. புதிய கட்டடமோ உடையோ பழைய காலத்தை ஞாபகப்படுத்தினால் அது ‘ஹார்க்ஸ் பேக் டு’ அந்தக் காலம். அரட்டையில் போட்டால் கொஞ்சம் மிடுக்காக இருக்கும்.

அப்புறம், ‘ரிமெம்பர் பேக்’ என்று வேண்டாம், ‘ரிமெம்பர்’ தனியாகவே போதும். ‘ரிட்டர்ன் பேக்’கும் அதே மாதிரிதான்.