கெனோராவில் ஒரு பழைய ஆளைத் தேடுவது எப்படி?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு பழைய சாமான் விற்பனையில் இரண்டு டாலருக்கு ஒரு புகைப்படம் வாங்கினேன். ரயில்வே தொப்பி, அடர்ந்த மீசை. பின்பக்கம் பென்சிலில் ஒரு பெயரும் 'கெனோரா, 1901' என்ற குறிப்பும் இருந்தன. இவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு மாலை போதும்.

கெனோரா, ஒன்டாரியோ மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் லேக் ஆஃப் த உட்ஸ் ஏரியின் வடகரையில் இருக்கிறது. சுமார் 15,000 பேர் வாழும் ஊர். வின்னிபெக்கிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

முதலில்: பழைய குடும்ப ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்குங்கள். கனடா தேசிய ஆவணக் காப்பகத் தளத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தேடல் பக்கத்தையும் திறந்து வையுங்கள். பணம் கட்டும் தளங்கள் அப்புறம். முதல் நாளே சந்தா கட்டி ஏமாந்தவன் சொல்கிறேன்.

அடுத்து, ஊர்ப் பெயர். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 1901 கணக்கெடுப்பில் கெனோரா என்று தேடினால் ஒன்றும் வராது. அப்போது அப்படி ஓர் ஊரே இல்லை! அதன் பெயர் ராட் போர்ட்டேஜ். 1905இல்தான் கீவாட்டின், நார்மன், ராட் போர்ட்டேஜ் என்ற மூன்று பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக் கெனோரா ஆக்கினார்கள். மாவு மூட்டையில் 'ராட்', அதாவது எலி, என்று அச்சிட ஆலைக்காரர்கள் மறுத்ததுதான் காரணம் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பழைய பெயரில் இருந்ததோ மஸ்க்ராட் என்ற நீர்வாழ் பிராணி. அங்குள்ள பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் மொழியில் 'வாஷுஷ்க் ஒனிகம்' என்றிருந்தது அப்படித்தான் ஆங்கிலத்துக்குப் போனது.

ஐஸ் ஹாக்கி அணிக்கும் இதே சிக்கல்தான். ஊரின் திஸில்ஸ் அணி 1903, 1905 ஆண்டுகளில் ஐஸ் ஹாக்கியின் பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கு மோதித் தோற்றபோது ராட் போர்ட்டேஜ் அணி. 1907 ஜனவரியில் மாண்ட்ரியல் வாண்டரர்ஸை வென்றபோது கெனோரா அணி. அந்தக் கோப்பையை வென்ற மிகச் சிறிய ஊர் இதுதான். பழைய செய்தித்தாள்களில் தேடும்போது இரண்டு பெயர்களையும் போடுங்கள்.

என் படத்தின் குறிப்பு, பிற்பாடு பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எழுதியதாக இருக்க வேண்டும். பழைய பெயரைப் போட்டதும் ஆள் கிடைத்தார். பிறந்த தேதி, பிறந்த நாடு, கனடாவுக்கு வந்த ஆண்டு, மதம், தொழில் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. தேடும்போது மாவட்டக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கெனோரா மாவட்டமே 1907இல்தான் உருவானது.

1880களுக்குப் போகிறீர்களா? அப்படியானால் மாகாணத்தையும் நம்பாதீர்கள். ஊர் எங்களுடையது என்று ஒன்டாரியோவும் மானிடோபாவும் சண்டையிட்டன. 1883இல் இரண்டு மாகாணங்களுமே அங்கே தேர்தல் நடத்தின! 1884இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஒன்டாரியோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி எல்லை உறுதியானது 1889இல். ஆகவே இரண்டு மாகாணங்களிலும் தேடுங்கள்.

பெயர் அப்படியும் சிக்கவில்லையா? கையெழுத்தைப் படித்துப் பட்டியல் போட்டவர்கள் நிறையத் தப்பு செய்திருக்கிறார்கள். பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டச்சிட்டு, மீதிக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போடுங்கள். குடும்பப் பெயரை விட்டுவிட்டு மனைவியின் முதல் பெயரில் தேடுவது எனக்கு இன்னும் பிடித்த வழி.

பின்சேர்க்கை: 1906 கணக்கெடுப்பில் தன் ஆளைக் காணவில்லை என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் புலம்பியிருந்தார். அது மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டாவுக்கு மட்டும் எடுத்தது. நீங்கள் 1911க்குத் தாவுங்கள். 1931 கணக்கெடுப்பும், விவரங்களை வெளியிடாமல் வைத்திருக்கும் 92 ஆண்டு காத்திருப்பு முடிந்து, 2023இல் திறந்துவிட்டது.

இன்னொன்று: ஓஜிப்வே குடும்பங்களைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அங்கே என் குறுக்குவழிகள் அவ்வளவாக உதவாது. 1873இல் இந்த ஏரிக்கரையில் ஓஜிப்வே மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே கையெழுத்தான மூன்றாம் உடன்படிக்கையிலிருந்து தொடங்குங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று இருந்த கெனோராவின் செசிலியா ஜெஃப்ரி உறைவிடப் பள்ளியிலிருந்து 1966இல் வீட்டுக்கு நடக்கப் புறப்பட்டு, ரயில் பாதையோரம் இறந்த 12 வயதுச் சிறுவன் சேனி வென்ஜாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய பள்ளிகளின் ஆவணங்கள் வின்னிபெக்கில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தில் இருக்கின்றன. உறவினர்கள் அங்கே விண்ணப்பிக்கலாம்.

கண்டுபிடித்ததைப் புகைப்படத்தின் மேல் எழுதிவிடாதீர்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். நான் தனித் தாளில் எழுதிப் படத்தோடு உறையில் போட்டேன், இரண்டு ஊர்ப் பெயர்களையும் சேர்த்து.