பயிலரங்குக்கு ஆய்வேட்டோடு செல்லுங்கள்: கலை, மானுடப்புல முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த சில மாதங்களுக்குள்ளாகவே பயிலரங்க அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ஆய்வு நெறிமுறை, கல்விசார் எழுத்து, நேர மேலாண்மை, மேற்கோள் மென்பொருள், வெளியீட்டு அறம், தலைமைப் பண்பு என்று தலைப்புகளுக்குக் குறைவே இல்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுப்பவர்களும் உண்டு. எழுதுகிற வேலை கெட்டுவிடும் என்று எதற்குமே போகாதவர்களும் உண்டு. இரு தரப்பினரும் இழப்பது ஒரே வாய்ப்பைத்தான்: தம் ஆய்வேட்டுக்கு வேண்டிய திறனை, அது தேவைப்படும் நேரத்தில், தாம் கையாளும் மூலங்களை வைத்தே பழகிக்கொள்ளும் வாய்ப்பு. எந்தப் பயிற்சியையும் அந்த ஒரு நோக்கத்தோடு எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஆயத்தமாவது, முடிந்த பின் என்ன செய்வது என்பதையே கீழே விளக்குகிறேன்.

இயல் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

பயிற்சிகளின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஆய்வேட்டின் தற்காலிக இயல் பிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இயலுக்கும் எதிரே, அதை எழுதி முடிக்க நீங்கள் செய்தாக வேண்டிய, ஆனால் இன்று உங்களால் செய்ய இயலாத வேலை எது என்று ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டாம் இயல் கையெழுத்துக் கடிதங்களை நம்பியிருக்கிறது, அந்தக் கையெழுத்தைத் தடையின்றிப் படிக்க வரவில்லை. மூன்றாம் இயலுக்கு முதியவர்கள் பலரிடம் நேர்காணல் எடுக்க வேண்டும், ஒப்புதல் பெறும் முறை தெரியாது. நான்காம் இயலுக்கு முப்பது ஆண்டுக் கால நாளிதழ்களில் ஒரு சொல்லின் போக்கைத் தேட வேண்டும், கணினி வழியே எப்படித் தேடுவதென்று தெரியாது. இப்படி எழுதினால் நான்கைந்து வரிகளுக்கு மேல் போகாது. அந்த நான்கைந்து வரிகளே உங்கள் பயிற்சித் திட்டம்.

நெறியாளரிடம் இந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள். “எந்தப் பயிலரங்குக்குப் போகட்டும்?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, “இந்த வேலை எனக்கு வரவில்லை, யாரிடம் கற்கலாம்?” என்று கேட்டால் கிடைக்கும் விடையே வேறு. சில வேளைகளில் அந்த விடை பயிலரங்காகவே இராது. பக்கத்துத் துறையில் அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவருடன் வாரம் ஒரு மணி நேரம் உட்காருவதாக இருக்கும்.

பொதுத் திறன் பயிற்சிகள் ஏன் நம் துறையினருக்கு அடிக்கடி பொருந்தாமல் போகின்றன என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரமாவது தனிப் பயிற்சி வேண்டும் என்று பிரிட்டனில் 2002இல் பரிந்துரைத்த ராபர்ட்ஸ் அறிக்கை, அறிவியல், பொறியியல் துறைகளுக்கான ஆள்வளத்தை ஆராய எழுதப்பட்டது. அதே நாட்டில் 2010இல், ஆய்வாளர்களின் திறன் வளர்ச்சிக்கு உதவும் விட்டே (Vitae) என்னும் அமைப்பு வெளியிட்ட ஆய்வாளர் வளர்ச்சிச் சட்டகம் எல்லாத் துறைகளையும் உள்ளடக்க முயன்று, 4 களங்கள், 12 உட்களங்கள், 63 கூறுகள் எனத் திறன்களை வகுத்தது. ஆய்வகத்தில் குழுவாக இயங்குபவர்களை மனத்தில் கொண்டு உருவான பாடங்கள், தனியே நூலகத்தில் அமர்ந்து ஒரே பெயரில் எழுதுபவருக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே இத்தகைய சட்டகங்களை, எதையாவது அடியோடு மறந்துவிட்டோமா என்று ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கப் பயன்படுத்துங்கள். 63 கட்டங்களையும் நிரப்ப முற்பட வேண்டாம்.

எதை முதலில் கற்பது

மொழியும் எழுத்துமுறையும் முதலில் வர வேண்டும், ஏனெனில் அவைதாம் மிக மெதுவாக வருபவை. மூல மொழி ஒன்றைக் கடைசி ஆண்டில் கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர், மொழிபெயர்ப்புகளை மட்டுமே நம்பி வாதத்தைக் கட்ட வேண்டிய நிலைக்கு ஆளாவார். அடுத்து வருவது குறிப்பும் கோப்பும் ஒழுங்குபடுத்தும் பழக்கம். ஆய்வு அறம், ஒப்புதல் பற்றிய பயிற்சி களப்பணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு கற்றால் எடுத்த நேர்காணல்களையே பயன்படுத்த முடியாமல் போகலாம். வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியை முழு வரைவு கைக்கு வந்த பின் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் கடினமான மூலங்களைக் கொண்டுசெல்லுங்கள்

மேற்கோள் மென்பொருள் பயிலரங்கை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு, புது ஊடக மையம் 2006இல் வெளியிட்ட ஜோட்டெரோ கட்டணமின்றிக் கிடைப்பதால் பல இடங்களில் அதையே கற்பிக்கிறார்கள். பயிற்றுநர் ஓர் அச்சு நூலையும் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையையும் ஒரே சொடுக்கில் சேர்த்துக் காட்டுவார். எல்லாம் எளிதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து நாள் குறிப்பிடாத ஒரு கடிதத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். எழுதியவர் பெயர் சுருக்கொப்பமாக மட்டும் இருக்கிறது, பெறுநர் யாரென்று ஊகமே, ஆவணக்காப்பகத்தில் பெட்டி எண் மாறியிருக்கிறது. இவற்றை எந்தப் புலத்தில் இடுவது, ஊகத்தை ஊகமென்று காட்ட எந்தக் குறியை இடுவது, அது அடிக்குறிப்பில் எப்படி வெளிப்படும் என்பவைதாம் நமக்கு வேண்டிய பாடங்கள். ஆகவே உங்களிடமுள்ள மிகக் கடினமான பத்து மூலங்களைப் பட்டியலிட்டு எடுத்துச் செல்லுங்கள். அவற்றில் மூன்றையாவது பயிற்றுநரின் முன்னிலையில் பதிவு செய்துவிட்டு எழுந்திருங்கள்.

ஆவணக்காப்பகப் பயிற்சிக்கும் இதுவே பொருந்தும். ஆவணங்களைப் படமெடுப்பதில் ஒரு சிறு பழக்கம் பிற்காலத்தில் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்: ஒவ்வொரு கட்டைத் திறக்கும்போதும் முதலில் அதன் மேலுள்ள அடையாளச் சீட்டைப் படமெடுங்கள், பிறகே உள்ளிருக்கும் தாள்களை எடுங்கள். ஆயிரக்கணக்கான படங்களுக்கிடையே எது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று பின்னாளில் குழம்ப நேராது. அன்று மாலையே காப்பகம், தொகுப்பு, பெட்டி, கட்டு, பக்கம் என்ற வரிசையில் கோப்புகளுக்குப் பெயரிட்டு, ஒரு படியை வேறொரு கருவியிலும் சேமித்துவிடுங்கள்.

பழைய கையெழுத்தைப் படிக்கக் கற்கும் பயிலரங்கில் பொறுமையே முதல் தகுதி. உறுதியாகத் தெரிந்த சொற்களை முதலில் அடையாளம் காணுங்கள். நாள், ஊர்ப்பெயர், வழக்கமான விளிகள் ஆகியவை பெரும்பாலும் கைகொடுக்கும். அந்தச் சொற்களிலுள்ள எழுத்து வடிவங்களைத் தனித்தாளில் வரைந்து அட்டவணையாக்கி, தெரியாத சொல்லை அதனோடு ஒப்பிடுங்கள். உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள். பிழையென்று தோன்றினாலும் திருத்தாதீர்கள். ஐயமுள்ள இடத்தைப் பகர அடைப்புக்குள் இடுங்கள். ஒரே ஆளின் கையெழுத்தில் பத்துப் பக்கம் படித்தவருக்கு, பத்துப் பேரின் கையெழுத்தில் ஒவ்வொரு பக்கம் படித்தவரைவிட விரைவில் கண் பழகும் என்பது என் உறுதியான கருத்து. எனவே பயிலரங்கில் தரும் மாதிரிகளோடு நில்லாமல், உங்கள் ஆய்வுக்குரிய ஒருவரின் கடிதங்களையே தொடர்ந்து படியுங்கள்.

கணினிவழிப் பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி

எண்மப் பயிலரங்குகளில் கருவிகளின் பெயர்கள் மழையாகப் பொழியும். கையெழுத்தை உணர்ந்து எழுத்தாக்கும் டிரான்ஸ்கிரிபஸ், சொல் அடர்த்தியைப் படமாகக் காட்டும் வோயன்ட் போன்றவை உண்மையிலேயே பயனுள்ளவை. புரோகிராமிங் ஹிஸ்டோரியன் தளத்தில் சக ஆய்வாளர்களால் மதிப்பிடப்பட்ட பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கருவியைக் கற்றாலும் “இதன் பிழை எங்கே ஒளிந்திருக்கும்?” என்று கேட்கப் பழகுங்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். அச்சுப் பக்கத்தின் படத்தை உரையாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி, எழுத்துகளில் 98 விழுக்காட்டைச் சரியாகப் படிக்கிறது என்று சொன்னால் நிறைவாகத் தோன்றும். 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தில் அது 40 பிழைகள். அந்தப் பிழைகள் பரவலாக விழுந்தால், ஐந்தெழுத்துச் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று சிதைந்திருக்கும். அந்தச் சொல்லைத் தேடுபவருக்குக் கிடைக்காமல் போகும் இடங்கள் எவை என்று தெரியவே தெரியாது. மங்கிய அச்சுள்ள ஆண்டுகளில் பிழை மிகும் என்பதால், ஒரு காலத்தில் அச்சொல் வழக்கிழந்தது என்ற தவறான முடிவுக்கும் அவர் வரக்கூடும். பயிலரங்கில் இருக்கும்போதே உங்கள் மூலத்தின் பத்துப் பக்கங்களை எழுத்துணரியில் இட்டு, கண்ணால் ஒப்பிட்டுப் பிழைகளை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை உங்கள் ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் இடம்பெற வேண்டிய செய்தி.

நேர்காணலும் எழுத்தும் பேச்சும்

வாய்மொழி வரலாற்றுப் பயிற்சியில் ஒப்புதலைப் பிரித்துப் பெறக் கற்றுக்கொள்ளுங்கள். பதிவு செய்ய ஒப்புதல், மேற்கோள் காட்ட ஒப்புதல், பெயரைச் சொல்ல ஒப்புதல், பதிவைக் காப்பகத்தில் வைக்க ஒப்புதல் ஆகிய நான்கும் வேறு வேறு. ஒன்றுக்கு இசைந்தவர் மற்றொன்றுக்கு மறுக்கலாம், பின்னர் விலகவும் செய்யலாம். களத்துக்குப் போவதற்கு முன் உடன் பயில்பவர் ஒருவரை நேர்காணல் செய்து, அதில் பத்து நிமிடத்தை எழுத்தாக்கிப் பாருங்கள். அதற்கு ஆகும் நேரமே, முழுக் களப்பணிக்கும் எத்தனை வாரம் ஒதுக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.

எழுத்துத் திறனைப் பொறுத்தவரை, ஒரு நாள் பயிலரங்கைவிட மூன்று நான்கு பேர் கொண்ட நிலையான எழுத்துக் குழுவே பயன் தரும் என்று நம்புகிறேன். இரு வாரங்களுக்கு ஒரு முறை ஒருவர் தம் வரைவில் சில பக்கங்களை முன்கூட்டியே அனுப்பட்டும். மற்றவர்கள் படித்துவிட்டு, திருத்தம் சொல்வதற்கு முன், “இதன் வாதம் இதுதான்” என்று இரண்டு வாக்கியங்களில் எழுதிக் கொண்டுவரட்டும். எழுதியவர் எண்ணியதும் படித்தவர் எழுதியதும் வேறுபடும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

பேச்சுக்கு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேடு என்னும் போட்டியின் விதிகள் நல்ல பயிற்சி: மூன்று நிமிடம், அசைவற்ற ஒரே ஒரு படவில்லை (ஸ்லைடு), துறைக்கு வெளியே உள்ள அவை. 80,000 சொற்களுள்ள ஆய்வேட்டைப் படித்துக் காட்ட ஒன்பது மணி நேரம் ஆகும் என்று அப்போட்டியினர் கணக்கிடுகிறார்கள். போட்டிக்குப் போகாவிட்டாலும், ஆண்டுக்கொரு முறை இந்த அளவுக்குள் பேசிப் பாருங்கள்.

முடிந்த பிறகு

கற்றதை ஒரு வாரத்துக்குள் உங்கள் இயல்களில் ஒன்றில் பயன்படுத்த முடியாவிட்டால், பெரும்பாலானது மறந்துபோகும். ஆகவே பயிலரங்குக்குப் பெயர் கொடுக்கும்போதே அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள். அப்படி ஒதுக்க இயலாத காலமென்றால் அந்தப் பயிற்சியைத் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். என்ன கற்றேன், எந்த இயலில் பயன்படுத்தினேன், எது இன்னும் வரவில்லை என்று அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டப் பயிற்சியின் மையம் சொந்த ஆய்வே என்றும், அது கல்வித்துறைக்கு அப்பாலுள்ள வேலைகளின் தேவைகளையும் நிறைவுசெய்ய வேண்டும் என்றும் 2005இல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வகுத்த சால்ஸ்பர்க் கொள்கைகள் சேர்த்தே சொல்கின்றன. வேறு துறையில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில், சான்றிதழ்களின் அடுக்கைக் காட்டிலும் அந்த அரைப் பக்கக் குறிப்புகள் உதவும். சிதறிக் கிடந்த ஆவணங்களைத் தொகுத்து வகைப்படுத்தியதையோ, தயங்கியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்ததையோ, சான்றோடு சொல்ல அவற்றில் செய்தி இருக்கும்.

நடத்துபவர்களுக்கு

பயிலரங்கை ஒழுங்கு செய்யும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், பங்கேற்பாளர்கள் தாம் பணிபுரியும் மூலம் ஒன்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று அழைப்பிலேயே சொல்லுங்கள். நேரத்தில் பாதியை அவர்கள் தம் மூலங்களில் வேலை செய்வதற்கே விடுங்கள். விரிவுரைப் பகுதியைப் பதிவு செய்து தந்தால், வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர்களும் குழந்தைகளையோ முதியவர்களையோ கவனித்துக்கொள்பவர்களும் விடுபடமாட்டார்கள். நான்கு வாரம் கழித்து ஒன்றரை மணி நேரத் தொடர் அமர்வு ஒன்றை, முதல் நாளிலேயே தேதி குறித்து அறிவித்துவிடுங்கள். அந்த அமர்வுக்கு ஒவ்வொருவரும் தாம் முடித்த பக்கத்தையும், முடிக்க முடியாமல் தடைப்பட்ட இடத்தையும் கொண்டுவரட்டும்.