எனர்ஜி ஆடிட்டர் தேர்வு: நான்காம் தாளுக்குப் புத்தகங்களைத் தயார் செய்வது எப்படி?

எனர்ஜி ஆடிட்டர் தேர்வின் நான்காம் தாளுக்குப் புத்தகம் கொண்டுபோகலாம் என்று கேள்விப்பட்டதும் பலருக்கு ஒரு நிம்மதி வரும். புத்தகம்தான் கையில் இருக்குமே, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று. இரண்டு மணி நேரத்தில் 100 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டிய தாள் அது. வகுத்துப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 72 விநாடி. ஒரு ஃபார்முலாவைத் தேடி மூன்று நிமிடம் புரட்டினால் இரண்டரை மதிப்பெண் கையை விட்டுப் போகிறது. அதனால் புத்தகத்தை ஒழுங்குபடுத்துவதையும் படிப்பின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ், எரிசக்தித் திறன் பணியகத்துக்காக நடத்தப்படும் தேசியச் சான்றிதழ் தேர்வு இது. முதல் மூன்று தாள்களில் தேறினால் எனர்ஜி மேனேஜர். நான்காவதிலும் சேர்த்துத் தேறினால் எனர்ஜி ஆடிட்டர், அதாவது ஆலைகள், கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டைத் தணிக்கை செய்பவர். புத்தகம் பார்த்து எழுதலாம் என்பது நான்காம் தாளுக்கு மட்டும்தான். பாய்லர், பம்ப், கம்ப்ரஸர் போன்றவற்றின் செயல்திறனைக் கணக்கிடும் தாள் அது, பெரும்பகுதி கணக்குதான்.

படி 1: வினாத்தாளைப் பிரித்துப் பாருங்கள்

புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு காகிதங்களைப் படியுங்கள். ஒன்று, இந்த ஆண்டுக்கான தேர்வு அறிவிப்பு. எந்த கால்குலேட்டர் அனுமதி, தனித்தாள் கொண்டுபோகலாமா, தேர்வு முறையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதெல்லாம் அதிலும் ஹால் டிக்கெட்டிலும்தான் இருக்கும். சீனியர் சொன்னதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று, பழைய வினாத்தாள். பழைய நான்காம் தாள்களின் வழக்கமான அமைப்பு இது: ஒரு மதிப்பெண் கேள்விகள் பத்து, ஐந்து மதிப்பெண் கணக்குகள் இரண்டு, இருபது மதிப்பெண் பெரிய கணக்குகள் நான்கு. 80 மதிப்பெண் அந்தப் பெரிய கணக்குகளில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 24 நிமிடம். ஒரு மதிப்பெண் கேள்விக்குப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து. தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிட்டுக் கடைசியில் வாருங்கள்.

படி 2: எதை எடுத்துப்போவது, எதை வீட்டில் விடுவது

பணியகத்தின் வழிகாட்டிப் புத்தகங்கள் நான்கு. நான்காவது புத்தகம்தான் உங்கள் முதல் ஆயுதம். தேய்ந்து கந்தலாகும் அளவுக்கு அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது அனல் கருவிகளைப் பற்றியது, மூன்றாவது மின் கருவிகளைப் பற்றியது. நான்காவதில் ஒரு ஃபார்முலா சுருக்கமாக இருந்தால் அதன் விளக்கம் இவற்றில் கிடைக்கும். முதல் புத்தகத்தில் உங்களுக்கு வேண்டியது எனர்ஜி பேலன்ஸ், நிதிக் கணக்கு போன்ற சில அத்தியாயங்கள் மட்டும்தான்.

இவற்றோடு ஒரு சின்ன ஸ்டீம் டேபிள் (நீராவியின் அழுத்தம், வெப்பநிலை, வெப்ப அளவு அட்டவணை) புத்தகம், நீங்களே தீர்த்து எழுதிய கணக்குகளின் ஒரு தொகுப்பு. அவ்வளவு போதும்.

கல்லூரியில் படித்த தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தையும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகத்தையும் பையில் போட ஆசை வரும். வேண்டாம். அவற்றில் இருக்கும் குறியீடுகளும் அலகுகளும் வேறு. வழிகாட்டிப் புத்தகம் பல இடங்களில் கிலோ கலோரியில் பேசுகிறது, கல்லூரிப் புத்தகம் கிலோ ஜூலில் பேசும். பதற்றமான நேரத்தில் இரண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதைப் படி 6-இல் ஒரு கணக்கோடு காட்டுகிறேன். தவிர, தேர்வு அறையில் கிடைப்பது ஒரு பெஞ்ச். விடைத்தாள், வினாத்தாள், கால்குலேட்டர் போக விரித்து வைக்க ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கும்.

படி 3: பைண்டிங்

வழிகாட்டிப் புத்தகத்தின் பிடிஎஃப்-ஐ ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டிருந்தால் ஸ்பைரல் பைண்டிங் செய்துகொள்ளுங்கள். விரித்து வைத்தால் தானாக மூடாது, அதுதான் முக்கியம். தனித்தாள்களாக எடுத்துப்போக வேண்டாம். அனுமதி இருந்தாலும் சரி, தலைக்கு மேலே மின்விசிறி ஓடும்.

படி 4: ஃபிளாக் ஒட்டுவது

ஸ்டேஷனரி கடையில் பிளாஸ்டிக் ஸ்டிக்கி ஃபிளாக் என்று கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் வருவது நாலு தடவை புரட்டினால் மடங்கிக் கிழியும். எழுத பால்பாயின்ட் பேனா உதவாது, கைபட்டு அழிந்துவிடும். சிடி மார்க்கர் நல்லது.

எல்லாரும் ஃபிளாக்கை அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பாய்லர் என்றால் என்ன, அதன் நோக்கம் என்ன என்ற முன்னுரை. தேர்வில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஃபார்முலா இருக்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். பாய்லர் அத்தியாயத்தில் மறைமுக முறையில் (இழப்புகளை 100-இலிருந்து கழித்துத் திறனைக் காணும் முறை) ஒவ்வோர் இழப்பையும் கணக்கிடும் இடம், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் எல்எம்டிடி (மடக்கைச் சராசரி வெப்பநிலை வேறுபாடு) வரும் இடம், கம்ப்ரஸரில் காற்றுத் தொட்டியை நிரப்பிச் சோதிக்கும் முறை, இப்படி.

பக்கவாட்டு ஓரத்தில் ஃபார்முலா, மேல் ஓரத்தில் அட்டவணை என்று பிரித்துக்கொண்டால் கை தானாகப் போகும். நிறம் இரண்டு போதும்: அனலுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. ஏழெட்டு நிறம் வைத்துக்கொண்டால் எந்த நிறம் எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்வதே தனிப் பாடமாகிவிடும். ஒன்றை ஒன்று மறைக்காதபடி படிக்கட்டு போல இறக்கி ஒட்டுங்கள். ஒரு புத்தகத்துக்கு இருபது, இருபத்தைந்துக்கு மேல் போனால் எதுவும் கண்ணில் படாது.

படி 5: உங்களுக்கென்று ஒரு இன்டெக்ஸ்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். புத்தகத்தின் பொருளடக்கம் அத்தியாய வரிசையில் இருக்கும். கேள்வி அந்த வரிசையில் வராது. கேள்வியில் 'ஃப்ரீ ஏர் டெலிவரி' என்று வரும். நீங்களோ கம்ப்ரஸர் கெப்பாசிட்டி என்ற தலைப்பில் படித்திருப்பீர்கள். அதனால் வினாத்தாளில் வரும் சொல்லையே, அதே எழுத்தில், அகர வரிசையில் எழுதுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டு இடத்திலும் எழுதுங்கள்.

எப்படித் தயாரிப்பது? புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டி எழுதினால் வேண்டாததெல்லாம் சேரும். பழைய கணக்கு ஒன்றை எடுத்துத் தீர்க்க ஆரம்பியுங்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் என்ன தேடினீர்கள், எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். உதாரணத்துக்கு, ஃப்ளூ கேஸில் (பாய்லரிலிருந்து வெளியேறும் புகையில்) ஆக்சிஜன் 8 சதவீதம் என்று கொடுத்து, எரிபொருளின் உட்கூறுகளையும் கொடுத்து, பாய்லர் திறன் கேட்கிறார்கள். முதலில் தேவையான காற்று. அதற்குக் கார்பனோடு 11.6, ஹைட்ரஜனோடு 34.8, கந்தகத்தோடு 4.35 என்ற பெருக்கல் எண்கள் வரும், இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம், பக்கம் தெரிந்தால் போதும். அடுத்தது அதிகப்படிக் காற்று: 8 ÷ (21 − 8), அதாவது 61.5 சதவீதம். இது எப்போதும் வரும், மனதில் இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வோர் இழப்பாகக் கணக்கு. இந்த ஒரு கணக்கிலேயே உங்கள் நோட்டில் நாலைந்து வரி சேர்ந்திருக்கும்.

இப்படிப் பல வினாத்தாள்களைத் தீர்த்த பிறகு நோட்டைப் பாருங்கள். சில பக்கங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவைதான் ஃபிளாக்குக்கு உரியவை. மற்றவை இன்டெக்ஸில் ஒரு வரியாக இருந்தால் போதும். எல்லாவற்றையும் அகர வரிசையில் ஒரே தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கும்படி கையால் எழுதி, புத்தகத்தின் முன் அட்டைக்கு உள்பக்கம், திருப்பிப் பார்க்க முடிகிற மாதிரி ஓரத்தை மட்டும் ஒட்டுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று '4–12' போல எழுதினால் இடம் மிச்சம். வேறொருவர் தயாரித்த இன்டெக்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது சுலபம்தான். ஆனால் எழுதும்போது மனதில் பதிகிற அந்தப் பதிவு கிடைக்காது. என்னைக் கேட்டால் இன்டெக்ஸின் பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது.

படி 6: அலகு மாற்றுத் தாள்

பின் அட்டையின் உள்பக்கம் இதற்கு. பெரிய எழுத்தில், இந்த வரிகள் கண்டிப்பாக இருக்கட்டும்:

1 கிலோவாட் மணி = 860 கிலோ கலோரி
1 கிலோ கலோரி = 4.187 கிலோ ஜூல்
1 டன் குளிரூட்டல் = மணிக்கு 3024 கிலோ கலோரி = 3.517 கிலோவாட்
1 டன் எண்ணெய்ச் சமானம் = 1 கோடி கிலோ கலோரி
1 கிலோ/சதுர செ.மீ. = 10 மீட்டர் நீர் அழுத்தம் = 0.981 பார்
1 குதிரைத்திறன் = 0.746 கிலோவாட்

இப்போது, படி 2-இல் நான் சொன்ன கணக்கு. ஃபர்னஸ் ஆயில் பாய்லர், எண்ணெயில் ஹைட்ரஜன் 12 சதவீதம், வெப்ப மதிப்பு கிலோவுக்கு 10,200 கிலோ கலோரி, ஃப்ளூ கேஸ் 220 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி. ஹைட்ரஜன் எரிந்து நீராவதால் ஏற்படும் இழப்பு: 9 × 0.12 × (584 + 0.45 × 190) ÷ 10,200. விடை சுமார் 7.1 சதவீதம். இதே கேள்வியில் வெப்ப மதிப்பை 42,707 கிலோ ஜூல் என்று கொடுத்திருந்து, நீங்கள் கவனிக்காமல் 584-ஐ அப்படியே வைத்துக்கொண்டால்? விடை 1.7 சதவீதம். 584 என்பது நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் மறைவெப்பம், கிலோ கலோரியில் இருக்கும் எண். 0.45-உம் அப்படித்தான். பாய்லர் திறனில் ஐந்து சதவீதத்துக்கு மேல் தவறு, ஒரே ஓர் அலகினால்.

ஆகவே, இந்த மாதிரி எண்கள் வரும் ஒவ்வொரு ஃபார்முலாவுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் அலகை எழுதுங்கள். 584-க்குப் பக்கத்தில் 'கிலோ கலோரி'. ஃபேன் ஃபார்முலாவில் வரும் 102-க்குப் பக்கத்தில் 'கன மீட்டர்/விநாடி, மி.மீ. நீர் அழுத்தம்'. பம்ப் ஃபார்முலாவுக்குப் பக்கத்தில் '÷ 3600', ஏனென்றால் கேள்வியில் ஓட்டத்தை மணிக்கு இத்தனை கன மீட்டர் என்றுதான் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒரு மாதிரி எண்ணும் எழுதி வைக்கலாம்: மணிக்கு 360 கன மீட்டர், 40 மீட்டர் உயரம், ஹைட்ராலிக் பவர் 39.24 கிலோவாட். உங்கள் விடை இதோடு ஒப்பிட எங்கேயோ போய் நின்றால் தவறு உடனே தெரியும்.

ஸ்டீம் டேபிளின் முதல் பக்கத்தில் 'கேஜ் என்றால் 1 கூட்டு' என்று எழுதுங்கள். அட்டவணை ஆப்சல்யூட் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த மொத்தம்) இருக்கும், கேள்வி கேஜில் (வளிமண்டலத்துக்கு மேல் இருப்பது மட்டும்) வரும். 10 பார் ஆப்சல்யூட்டில் நீராவியின் வெப்பநிலை 179.9 டிகிரி, 10 பார் கேஜ் என்றால் ஏறக்குறைய 11 பார் ஆப்சல்யூட், அங்கே 184.1 டிகிரி.

படி 7: தீர்த்த கணக்குகளின் தொகுப்பு

பழைய வினாத்தாள்களை ஆண்டு வாரியாக அடுக்காதீர்கள். கருவி வாரியாக அடுக்குங்கள்: பாய்லர் கணக்கு எல்லாம் ஒன்றாக, ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் ஒன்றாக. ஒவ்வொரு வகையிலும் ஒரு முழுக் கணக்கை மாதிரியாக, எல்லாப் படிகளோடும் சுத்தமாக எழுதி முதலில் வையுங்கள்.

படி 8: கடைசிக் கேள்விக்குத் துறையை முன்பே முடிவு செய்யுங்கள்

பழைய தாள்களில் கடைசி இருபது மதிப்பெண் கேள்வியில் நான்கு துறைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அனல் மின் நிலையம், இரும்பு அல்லது சிமென்ட், ஜவுளி, வணிகக் கட்டடம் என்பது மாதிரி. நான்கையும் படித்துவிட்டு அங்கே போய் முடிவு செய்யலாம் என்று இருந்தால் அதிலேயே நேரம் போகும். அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை செய்கிறவர் சிமென்டையும், கோவையில் மில்லில் இருப்பவர் ஜவுளியையும் எடுப்பது இயல்பு. வேலை அனுபவம் இல்லாதவர்கள் அனல் மின் நிலையத்தை எடுக்கலாம். ஹீட் ரேட் (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆகும் வெப்பம்), டர்பைன், பாய்லர் எல்லாம் மற்ற கேள்விகளுக்குப் படித்ததன் தொடர்ச்சிதான். இரண்டாவதாக ஒரு துறையையும் தயாராக வைத்திருங்கள், முதல் துறைக் கேள்வி கடினமாக அமைந்தால் உதவும்.

படி 9: ஒத்திகை

வீட்டில் ஒரு சின்ன மேஜையில், இரண்டு மணி நேரம் அலாரம் வைத்து, எடுத்துப்போகப் போகும் அதே புத்தகங்களோடு ஒரு முழுத் தாளை எழுதுங்கள். எந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆனதோ, அதற்கு இன்டெக்ஸில் வரி இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஒரு தடவைகூடத் தொடாத புத்தகம் இருந்தால் அதைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் புதிதாக ஃபிளாக் ஒட்டவோ நிறத்தை மாற்றவோ வேண்டாம், கை பழகிய இடத்துக்குத்தான் போகும்.

தேர்வு அறையில் நான்காவது புத்தகம் மேஜையில், மற்றவை கண்காணிப்பாளர் அனுமதிக்கும் இடத்தில் முதுகு தெரியும்படி. கேள்வித்தாள் வந்ததும் பெரிய கணக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்டெக்ஸ் பார்த்துப் பக்க எண்ணைப் பென்சிலில் குறித்துவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும். அப்புறம் சுலபமான கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஃபார்முலாவை முதலில் எழுதி, எண்களை அலகோடு போட்டு, ஒவ்வொரு படியையும் தனி வரியில் எழுதுங்கள்.