குட்டி மூளை ஆதி மனுஷங்க எவ்ளோ புத்திசாலின்னு எப்படி கணக்கு போடுறது

"சிம்பன்சி சைஸ் மூளைய வச்சிக்கிட்டு கல் கருவி செஞ்ச ஆதி மனுஷன்"னு ஒரு வீடியோ வந்தா கீழ கமெண்ட்ல ரெண்டு கோஷ்டி அடிச்சிக்கும், ஒண்ணு மூளை சைஸெல்லாம் மேட்டரே இல்லன்னும், இன்னொண்ணு இவ்ளோ சின்ன மூளைக்கு சான்ஸே இல்ல, டுபாக்கூர்னும். எந்த பக்கமும் சாயாம நீங்களே ஒரு முடிவுக்கு வரணும்னா இப்படி பாருங்க.

முதல்ல மண்டை ஓடு கிடைச்சிருக்கான்னு பாருங்க. பிலிப்பைன்ஸ்ல காயாவ் குகையில கிடைச்ச எலும்பை வச்சு 2019ல ஹோமோ லுஸோனென்சிஸ்னு பேர் வச்சாங்க, ஆனா அதுல பல்லும் கை கால் எலும்பும்தான், மண்டையே இல்ல. அதுக்கு மூளை இவ்ளோன்னு யாராவது நம்பர் சொன்னா அத்தோட டேப்ப மூடிடலாம்.

மண்டை இருந்தா, அளந்தது எப்படின்னு பாருங்க. இந்தோனேசியாவோட ஃப்ளோரஸ் தீவுல லியாங் புவா குகையில 2003ல கிடைச்ச எல்பி1ங்கிற எலும்புக்கூட்டோட (இனம் ஹோமோ ஃப்ளோரஸியென்சிஸ், உயரம் 106 சென்டிமீட்டர்தான்) மண்டைக்குள்ள கடுகை நிரப்பி அளந்தப்ப 380 சிசி வந்துச்சு. அப்புறம் சிடி ஸ்கேன்ல 417, 2013ல இன்னும் நுணுக்கமா பாத்தப்ப 426. ஒரே மண்டை, மூணு நம்பர், அதனால "சுமார் 400" அளவுக்கு மனசுல வச்சிக்கிட்டா போதும். சிம்பன்சியும் கிட்டத்தட்ட அங்கதான், நமக்கு சராசரி 1350 பக்கம்.

அடுத்து உடம்பு. பைக்ல இன்ஜின் சிசிய மட்டும் பாக்காம வண்டி வெயிட்டையும் பாக்கிற மாதிரி, உடம்புக்கு எத்தன மூளைன்னு பாக்க ஈக்யூன்னு (என்செஃபலைசேஷன் கோஷண்ட்) ஒரு கணக்கு இருக்கு. ஆனா எல்பி1 வெயிட்டே முதல் ஆராய்ச்சி பேப்பர்ல 16 கிலோவுல இருந்து 36 கிலோ வரைக்கும்னு போட்டிருந்தாங்க, அதனால ஈக்யூவும் 2.5ல இருந்து 4.6 வரைக்கும் இழுபடுது, இத வச்சு ரேங்க் போடுறதெல்லாம் என்னைக் கேட்டா வேஸ்ட்.

"எல்பி1 தனி இனமெல்லாம் இல்ல, மூளை வளராத நோய் வந்த நம்மாளு (நம்ம மனுஷ இனம்தான்)"ன்னும் ஒரு வாதம் ரொம்ப நாள் ஓடுச்சு. இந்த மாதிரி வாதம் வந்தா மண்டைய விட்டுட்டு கழுத்துக்கு கீழ பாருங்க. 2007ல மணிக்கட்டு எலும்ப ஆராய்ஞ்சா நம்மளோடத விட பழைய குரங்கு இனங்களோடதுக்குத்தான் கிட்ட இருந்துச்சு, அப்புறம் அதே தீவுல மாதா மெங்கேங்கிற இடத்துல 7 லட்சம் வருஷத்துக்கு முந்தின சின்ன தாடையும் பல்லும் கிடைச்சத 2016ல சொன்னாங்க. ஏழு லட்சம் வருஷமா ஒரு நோய் தொடருமா என்ன.

மண்டை ஓட்டோட உள்பக்க அச்சை வச்சு மூளையோட வடிவத்தையும் சொல்வாங்க. எல்பி1க்கு முன்மூளையோட முன்பக்கம் அகலமா இருக்குன்னு 2005ல வந்துச்சு, தென்னாப்பிரிக்காவோட ஹோமோ நலேடிக்கு (465ல இருந்து 610 சிசி) நெத்திப்பக்க மடிப்பு நம்மள மாதிரின்னு 2018ல. சுவாரசியம்தான், ஆனா அச்சுல மேல் தோற்றம் மட்டும்தான் பதியும், நியூரான் எத்தனன்னு தெரியாது, நிஜமா முக்கியமானது அதுதான். யானைக்கு மொத்தம் 257 பில்லியன் நியூரான், நமக்கு 86 பில்லியன், ஆனா யோசிக்கிற கார்டெக்ஸ்ல யானைக்கு 5.6 பில்லியன்தான், நமக்கு 16. அண்டங்காக்கை மூளை சுமார் 14 கிராம்தான், ஆனா முன்மூளையில மட்டும் ஒரு பில்லியனுக்கு மேல.

அதனால நான் அதிக மார்க் குடுக்கிறது செஞ்ச வேலைக்கு. இங்கதான் தேதி ரொம்ப முக்கியம். எல்பி1 18,000 வருஷம் பழசுன்னு முதல்ல சொன்னப்ப, அதே குகையில கிடைச்ச கல் கருவிய நம்மாளுங்க செஞ்சு போட்டிருக்கலாமேன்னு தப்பிக்க வழி இருந்துச்சு. 2016ல திரும்ப பாத்தா எலும்பு 1 லட்சத்துல இருந்து 60,000 வருஷம், கருவிங்க 1,90,000ல இருந்து 50,000 வரைக்கும். அதுல முக்கால்வாசி காலத்துக்கு நம்மாளுங்க அந்த பக்கமே வந்ததுக்கு ஆதாரம் இல்ல, அப்போ 400 சிசி மூளைக்காரங்கதான் செஞ்சிருக்கணும்னு நான் தைரியமா சொல்வேன்.

நலேடி கதை வேற. ரைசிங் ஸ்டார் குகையில 2013ல கண்டுபிடிச்சது, வயசு 3,35,000ல இருந்து 2,36,000. இவங்க செத்தவங்கள புதைச்சாங்க, சுவத்துல கோடு கிறுக்குனாங்கன்னு 2023ல, நலேடிய ஆராய்ஞ்ச லீ பெர்கர் டீம் சொன்னப்ப பேப்பர பாத்த ரிவ்யூவர்களே ஆதாரம் பத்தலன்னுட்டாங்க. நலேடி பத்தின டாக்குமெண்டரி பாக்கிறவங்க இந்த ரிவ்யூவையும் சேத்து படிச்சிடுங்க, பேப்பரோட கூடவே ஓபனாதான் போட்டிருக்கு. அந்த குகையோட அவ்ளோ குறுகலான பொந்துக்குள்ள அத்தன உடம்பு எப்படி போச்சுங்கிற கேள்வி நியாயமானதுதான், அதுக்கு புதைச்சதுதான் பதில்னு இப்பவே எழுத வேணாம், பென்டிங்ல வைங்க.