ஏர் ரைஃபிள் முனையில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் கழற்றுவது எப்படி

பேரல் (துப்பாக்கிக் குழல்) நுனியில் கறுப்பாக, தடியாக ஒரு பிளாஸ்டிக் இருக்குமே, பெட்டியில் மசில் பிரேக் (சுடும்போது வரும் உதைப்பைக் குறைக்கும் முனை) என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், விலை குறைந்த ஸ்பிரிங் ரைஃபிள்களில் பெரும்பாலும் அது பேரலை மடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அது நேராக இருக்கும்வரை தொந்தரவில்லை. கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தால் வெளியே வரும் பெல்லட் (ஈயக் குண்டு) அதன் ஓரத்தில் உரசும், அப்புறம் நீங்கள் ஸ்கோப்பை எத்தனை முறை திருகினாலும் குறி ஓரிடத்தில் நிற்காது.

உரசுகிறதா என்று பார்ப்பது சுலபம். காது குடையும் பஞ்சுக் குச்சியை அந்த ஓட்டைக்குள் விட்டு சுற்றித் துடையுங்கள், டார்ச் அடித்தும் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஈயம் சாம்பல் நிறத்தில் தீற்றியிருந்தால் அதுதான் குற்றவாளி. அப்படி எதுவும் இல்லை என்றால் கழற்றாதீர்கள், சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும்.

கை வைப்பதற்கு முன் பேரலை லேசாக மட்டும் திறந்து உள்ளே பெல்லட் இல்லை என்று பாருங்கள். முழுக்க மடக்கினால் காக் ஆகிவிடும், அதாவது ஸ்பிரிங் இறுகிச் சுடத் தயாராகிவிடும். அந்த நிலையில் டிரிகரில் விரல் பட்டால் பேரல் படாரென்று மூடி விரலையும் நசுக்கும், தானும் வளையும். வேலை முடியும்வரை ஸ்பிரிங் தளர்ந்தே இருக்கட்டும்.

அடுத்து, அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். நான் முதல்முறை அரைமணி நேரம் பிளையரால் இழுத்து, பிளாஸ்டிக்கைக் கடித்துக் குதறிய பிறகுதான் பெயிண்டுக்கு அடியில் ஒரு பொடி ஸ்க்ரூ ஒளிந்திருப்பதைக் கண்டேன். ஆலன் கீ போட்டுத் திருகியிருந்தால் தீர்ந்திருக்கும். இன்னொன்று, சில மாடல்களில் பேரல் முழுவதற்குமே பிளாஸ்டிக் உறை வார்த்திருப்பார்கள், நுனியும் அதோடு சேர்ந்தது. அதை விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் இரும்பு மெலிசு.

ஸ்க்ரூ இல்லை, பசைதான் என்றால் சூடுதான் மருந்து. ஃபெவிக்விக் மாதிரி பசையானாலும் அரால்டைட் மாதிரி பசையானாலும் சூடேறினால் பிடி தளரும். ஹேர் டிரையரை நுனியைச் சுற்றிச் சுற்றி பத்து நிமிடம் காட்டுங்கள், அல்லது கொதிநீரில் முக்கிய துணியை இடுக்கியால் எடுத்துச் சுற்றி, ஆற ஆற மாற்றுங்கள் (முனை ஓட்டையைப் பஞ்சால் அடைத்துவிட்டு). ஹீட் கன் இருந்தால் தள்ளிப் பிடியுங்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக் 105 டிகிரி வாக்கில் குழைய ஆரம்பித்துவிடும்.

சூடு இருக்கும்போதே பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, இழுக்காமல் திருகுங்கள். பசைக்கு இழுப்பதைவிட முறுக்குவது ஆகாது. இன்னொரு கை பேரலையே பிடித்திருக்க வேண்டும், தோளில் வைக்கும் கட்டையை அல்ல. கட்டையைப் பிடித்து முறுக்கினால் பாரமெல்லாம் பேரல் மடங்கும் கீலில் போய் விழும். ஒரு மயிரளவு அசைந்தாலும் போதும், திரும்பச் சூடு காட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி எடுத்துவிடலாம். மூன்று நான்கு தடவை ஆகும், ஆகட்டும்.

அசிட்டோன் போடலாமா என்று கேட்பீர்கள். ஃபெவிக்விக் வகைப் பசையைக் கரைக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைத்துப் பிசின் ஆக்கும், கட்டையில் சொட்டினால் பாலிஷ் போய்விடும். கழற்றிய பிறகு பேரலில் மிஞ்சும் பசையைத் துடைக்கத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். சூடு காட்டும் இடத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

எதற்கும் மசியவில்லையா, அறுப்பதுதான் வழி. ஹாக்ஸா பிளேடால் அடிப்பக்கத்தில், நீளவாக்கில், பிளாஸ்டிக்கின் தடிமனில் முக்கால் ஆழம் மட்டும் அறுத்து நிறுத்துங்கள். அந்தப் பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் மீதி தானே பிளக்கும். பேரலின் வாய் விளிம்பில் மட்டும் எந்த இரும்பும் படக்கூடாது. கிரவுன் என்பார்கள், அதில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் பெல்லட் கோணலாகப் போகும். வேலை முடிந்ததும் புதுப் பஞ்சால் அந்த விளிம்பைத் துடையுங்கள், எங்காவது நார் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது.

பிளாஸ்டிக்குக்குள் இருந்த இடம் பெரும்பாலும் பளபளவென்று வெறும் இரும்பாக இருக்கும், அன்றைக்கே எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் கைவியர்வை பட்டே துரு ஏறிவிடும். வெளியே மட்டும்; குழலுக்குள் எண்ணெய் போனால் அழுத்தத்தில் பற்றி வெடிச்சத்தம் கேட்கும். ஸ்கோப்பைப் புதிதாக ஜீரோ செய்யவேண்டி (குண்டு விழும் இடத்தோடு பொருத்தவேண்டி) வரும், முன்சைட் அந்த பிளாஸ்டிக்கிலேயே இருந்திருந்தால் ஸ்கோப் இல்லாமல் சுடவே முடியாது. கைப்பிடி நீளம் குறைந்ததால் காக் செய்ய முன்பைவிடப் பலம் வேண்டும், எனக்கு ஒரு வாரம் தோள் வலித்தது.