ஜான் ஆடம்ஸைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் வாழ்க்கையை எழுதுபவர்கள் பலரும் தடுக்கி விழுவது 1770-ஆம் ஆண்டு பாஸ்டன் வழக்கில்தான். மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஆடம்ஸ். உடனே, ‘அப்போது அவர் பிரிட்டிஷ் அரசரின் ஆள், பிறகுதான் மனம் மாறினார்’ என்று கதை கட்டிவிடுகிறார்கள். 1765-லேயே பிரிட்டன் விதித்த முத்திரைத் தாள் வரியை எதிர்த்து பிரெயின்ட்ரீ ஊர் மக்களுக்காக எழுதியவர் அவர். எங்கள் ஒப்புதல் இல்லாமல் வரி போடக்கூடாது, ஜூரி இல்லாத நீதிமன்றத்தில் எங்களை விசாரிக்கக்கூடாது என்பது அந்த வாதம். தன் ஊராருக்குக் கேட்ட நியாயமான விசாரணையைத்தான் சிப்பாய்களுக்கும் பெற்றுத்தந்தார்.

‘எல்லோரையும் விடுவித்துவிட்டார்’ என்பதும் தவறு. சிப்பாய்களின் தலைவர் கேப்டன் பிரஸ்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலை ஆனார்கள். இருவர் மீது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. மதகுருமார்களுக்கென்று தொடங்கிய ஒரு பழைய சட்டச் சலுகையைக் கேட்டு அவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். அதே சலுகையை இன்னொரு முறை கேட்க முடியாதபடி கட்டைவிரலில் சூடு வைத்து அனுப்பினார்கள்.

‘உண்மைகள் பிடிவாதமானவை’ என்ற அவருடைய புகழ்பெற்ற வரியை மட்டும் எடுத்துப் போடுவது எனக்கு எரிச்சலூட்டும். அதே வாதத்தில்தான் கூட்டத்தில் இருந்த கறுப்பர்களையும் ஐரிஷ்காரர்களையும் மாலுமிகளையும் இழிவாகப் பேசி, இறந்த ஐவரில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸ் மீது பழியைத் தூக்கிப் போட்டார். ஜூரி முன் எடுபடும் என்று தெரிந்து செய்த வேலை அது. வழக்கால் அவருடைய அரசியல் பாழானது என்பதும் மிகை. விசாரணை தொடங்கும் முன்பே, அந்த ஜூனில், பாஸ்டன் வாக்காளர்கள் அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

1773-இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்து பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய கூட்டத்தில் அவரைச் சேர்க்காதீர்கள். போராட்டத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸ் வேறு ஆள், இவருக்குப் பங்காளி முறை. 1787-இல் அரசியலமைப்பு எழுதப்பட்ட பிலடெல்பியா மாநாட்டிலும் ஜான் இல்லை. லண்டனில் தூதராக இருந்தார். அவர் முதன்மையாக வரைந்தது 1780-இன் மாசசூசெட்ஸ் மாநில அரசியலமைப்பு. திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

விடுதலை நாள் விஷயத்தில் மட்டும் அவரே சறுக்கினார். அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் சுதந்திரத்துக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. வருங்காலம் அந்த நாளைத்தான் கொண்டாடும் என்று மறுநாள் மனைவி அபிகெயிலுக்கு எழுதினார். ஊர் கொண்டாடுவதோ பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்ட 4-ஆம் தேதியை.

புகழ்மாலை எழுதுபவர்கள் 1798-ஐத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அரசையும் அதிபரையும் அவதூறாக எழுதினால் சிறை என்ற ராஜத்துரோகச் சட்டத்தில் அந்த ஆண்டு கையெழுத்திட்டவர் இதே வழக்கறிஞர்தான். அதில் சிக்கியவர்களில் ஒருவர் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான உறுப்பினர் மேத்யூ லயன். சிறையில் இருந்தபடியே மீண்டும் போட்டியிட்டு வென்றார்.