முதன்முதலாக நெடுந்தூரம் நடக்கப் போகிறீர்களா? கும்பகோணத்தில் ரூம் போடுங்கள்

நாலு நாள் நடக்கலாம் என்று ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் வாங்குவது பெரிய பையைத்தான். நானும் வாங்கினேன். பத்து கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, முதல் நாள் மதியமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அதனால் இங்கே சொல்வது மூட்டையே இல்லாமல் நடக்கிற வழி: கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரை, சுமார் 35 கிலோமீட்டர், மூன்று நாள்.

படி 1: கைவிடாத பாதையாகப் பாருங்கள்

இந்தப் பாதையில் காவிரி, பஸ் ரோடு, ரயில் பாதை மூன்றும் ஏறக்குறைய ஒரே திசையில் போகின்றன. திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம் என்று வழியெல்லாம் ஸ்டேஷன் உண்டு, பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை. கும்பகோணத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் மூன்று ராத்திரிக்கு ரூம் போட்டுவிடுங்கள். முதல் நாள் ஆடுதுறை வரை, சுமார் 13 கிலோமீட்டர். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்து தூங்குங்கள். மறுநாள் காலை பஸ்ஸில் போய், விட்ட இடத்திலேயே இறங்கிக் குத்தாலம் வரை நடங்கள். மூன்றாம் நாள் மயிலாடுதுறை. இதெல்லாம் ஒரு நடையா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

படி 2: மாதம்

மார்கழிக் கடைசி, தை முதல் பாதி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள், அதற்குள் போனால் ஆற்றில் தண்ணீரும் பார்க்கலாம். ஐப்பசியில் போகாதீர்கள், மழை பிய்த்துவிடும்.

படி 3: கால்

இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். புது செருப்பும் புது ஷூவும் கூடாது, ஏற்கெனவே இரண்டு மாதம் போட்டு மிதித்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரியே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கொப்புளம் திடீரென்று வராது. முதலில் குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஒரு இடம் மட்டும் சூடாகும், யாரோ பீடி நெருப்பைக் கிட்டே காட்டுவது போல. “அடுத்த டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தோன்றும். பார்க்காதீர்கள், அங்கேயே மைல்கல் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, ஈரத்தைத் துடைத்து, மருந்துக்கடையில் விற்கிற துணி பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு, காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொண்டு எழுந்திருங்கள். அஞ்சு நிமிஷ வேலை. நான் ஒருமுறை அதைச் செய்யாமல் ஒரு வாரம் நொண்டினேன். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

படி 4: நடை

வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், பத்தரை மணிக்குள் பாதிக்கு மேல் முடிந்துவிடும். ரோட்டில் எப்போதும் வலது ஓரம், எதிரே வருகிற வண்டி கண்ணில் பட வேண்டும். கிடைக்கிற இடத்தில் ஆற்றங்கரைக்கு இறங்கிவிடலாம், ஆனால் கரை நெடுகப் பாதை இருக்கும் என்று நம்பாதீர்கள், சில இடத்தில் முள்ளும் புதருமாகி மறுபடி ரோட்டுக்கே ஏற வேண்டியிருக்கும். தோளில் சின்னப் பை: இரண்டு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய், துண்டு, பிளாஸ்திரி. பெரிய கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், அதனால் திருவிடைமருதூர் பிராகாரத்து நிழல் வேண்டுமென்றால் பதினோரு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.

படி 5: நில்லுங்கள்

திருபுவனத்தில் தெருவுக்குள் திரும்பினால் பட்டுத்தறிச் சத்தம் கேட்கும். நரசிங்கன்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறார்கள், 2022ல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர். ஒரு பட்டறை வாசலில் தண்ணீர் கேட்கப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். பழைய வீட்டு உத்தரமாக இருந்த ஆச்சா மரம். கடைசலில் ஏறுவதற்கு முன் அதில் ஆணி இருந்த துளை கறுப்பாகத் தெரிந்தது. நன்றாகக் காய்ந்த மரம்தான் நாதம் கொடுக்கும் என்றார் பெரியவர். பஸ்ஸில் போயிருந்தால் எனக்கு அது ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான்.

வழியில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எந்தக் கோயிலுக்குத் தம்பி வேண்டுதல்?” சும்மா நடக்கிறேன் என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். “பஸ் வருதே, ஏறிக்கங்க, காசு இல்லியா?” என்று ஒரு அம்மா பத்து ரூபாயை நீட்டினார். அதற்குப் பிறகு மயிலாடுதுறையில் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன், பொய்யும் இல்லை.

மூன்றாம் நாள் அங்கேதான் முடிக்க வேண்டும். ஐப்பசி முழுக்க அங்கே முழுக்கு நடக்கும். கால் முடியாத ஒருவர் நடந்து நடந்து வருவதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம், அவருக்காக இறைவன் ஒரு நாள் சேர்த்துக் கொடுத்தாராம். கார்த்திகை முதல் தேதி முழுக்குக்கு இன்றைக்கும் முடவன் முழுக்கு என்றுதான் பெயர். படித்துறையில் உட்கார்ந்து, பிளாஸ்திரியை மெதுவாகப் பிரித்து, காலைத் தண்ணீரில் விடுங்கள். முதல் அரை நிமிஷம் எரியும்.